விசுவாசமும் நம்பிக்கையும்: சுவிசேஷ மரபின் சொல்வழக்கு குறித்து

தமிழ்க் கிறித்துவ இலக்கியம் பற்றி நம் துறைகளில் நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் தேம்பாவணியில் தொடங்கி இரட்சணிய யாத்திரிகத்தில் முடிந்துவிடுகின்றன. ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் விவிலிய உரைநடையை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும் தமிழ்ச் சுவிசேஷ மரபினரின் இறையியல் உருப்பெற்ற இடம் அவ்வுரைநடையே. அம்மரபினர் பழைய மொழிபெயர்ப்பை விடாது பற்றி நிற்பதை வெறும் பழமைப்பற்று என ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. அதனை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். அவருடைய புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. அதில் இறைவன் சருவேசுரன். பின்வந்த பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் பராபரன். பவர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் தேவன். 1956இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பு கடவுள் என்றது. மக்கள் அதனை ஏற்கவில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் கடவுள் என்றே கூறுகிறது. சுவிசேஷ, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை இன்றும் 1871இன் தேவனோடுதான் நிற்கின்றன.

இறைவனின் பெயரைச் சுற்றியே விவாதம் நிகழ்ந்துவந்துள்ளது. என் கருத்தில், அதனினும் ஆழமான மாற்றம் வேறொரு சொல்லில் நேர்ந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளோடு முடிகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. புதியதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. பழையதில் இரண்டாம் இடத்திலிருந்த நம்பிக்கை புதியதில் முதலிடத்திற்கு வந்துவிட்டது. இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உரையாற்றும் போதகர் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்க வேண்டியவராகிறார். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்பதைத் தலைமைக் கோட்பாடாகக் கொண்ட ஒரு மரபிற்கு இது சிறு இடர்ப்பாடன்று.

விசுவாசம் வடசொல், தூயதமிழ் நோக்கில் அது நீங்கியது இயல்பே. ஆனால் பொதுவழக்கில் அச்சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. நாய்க்கும் பணியாளருக்கும் ‘விசுவாசம்’ உண்டு என்கிறோம்; அங்கே குறிக்கப்படுவது கருத்தளவான ஏற்பு அன்று, மாறாப் பற்று. விவிலியக் கிரேக்கச் சொல்லாகிய பிஸ்திஸும் ஏற்பு, உண்மை தவறாமை என்னும் இரண்டையும் தழுவியது. நம்பிக்கை என்னும் சொல்லோ தேர்வில் வெற்றி பெறுவேன் என்ற மாணவனின் தன்னம்பிக்கைக்கும் பொருந்தும். அதில் பற்றுறுதியின் கடமை இல்லை. ‘விசுவாசி’ என்று சபையில் ஒருவரை அழைக்கும்போது எழும் உறவுப்பொருளை ‘நம்பிக்கையாளர்’ தருவதில்லை.

எனினும் பழைய மொழிபெயர்ப்பு எங்கும் தெளிவானது எனல் பொருந்தாது. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் விசுவாசத்திற்கு இலக்கணம் கூறுமிடத்தில் அது ‘நம்பு’ என்னும் வினையை எதிர்பார்த்தல் என்ற பொருளில் ஆள்கிறது. இன்றைய மாணவர், விசுவாசம் என்பது நம்புவதை நம்புவதே போலும் என மயங்குவர். அவ்விடத்தில் புதிய மொழிபெயர்ப்பு தெளிவாக உள்ளது. ஆயினும் எதிர்நோக்கு என்பது பெயர்ச்சொல்லாக இன்னும் வழக்கில் ஊன்றவில்லை.

கிருபை, அருள் பற்றியும் ஒரு சொல். அருள் சைவ சித்தாந்தத்தின் உயிர்ச்சொல் என்பதால் சுவிசேஷ மரபினர் தயங்குகின்றனர். வைணவத்திலிருந்து வந்து, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையோ பக்தி இலக்கிய மொழியைத் தயங்காது கையாண்டார். அவரைப் போற்றும் சபைகள் இச்சொல்லுக்கு அஞ்சுவது வியப்பே.

சொற்களைக் காப்போரே அவற்றின் பொருளைக் காக்கின்றனரா என்பதுதான் இனி எழும் வினா. ‘ஊழியம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைக்கு அதுவே பெயர். உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அடியில் பவுல் தம்மைக் குறிக்க ஆண்ட கிரேக்கச் சொல் அடிமை என்று பொருள்படுவது. 1871 மொழிபெயர்ப்பு அதற்கு ஊழியக்காரன் என்றது. சொல்லில் தாழ்ச்சி இருந்தது. இன்று சுவரொட்டிகளில் ஊழியர் என்பது பெரிய எழுத்தில் புகைப்படத்தோடு அச்சாகும் பட்டம். ஆசீர்வாதமும் செழிப்புப் பிரசங்கங்களில் வீடு, வாகனம், பதவி உயர்வு எனச் சுருங்கிவிட்டது. விசுவாசமோ கேட்டதைப் பெறுவதற்கான திறவுகோல் என்றாகிறது. அந்நிலையில் அது தேர்வெழுதும் மாணவனின் தன்னம்பிக்கையிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

திருவிவிலியத்தின் சொற்றேர்வைக் கோட்பாட்டுத் திரிபு எனச் சாடும் சிறுநூல்கள் மலேசிய, சிங்கப்பூர்ச் சபைகளிலும் புழங்குகின்றன. செழிப்பு உபதேசத்தில் இதே சொற்கள் அடையும் திரிபைக் குறித்து, நான் பார்த்த அளவில், அவற்றுள் ஒன்றேனும் வாய் திறக்கவில்லை.