‘ஆம்’ உதிர்ந்த வாக்கியங்கள்

கேள்விப்பட்டதைச் சொல்வதற்கென்றே தமிழில் ஓர் ஒட்டு இருக்கிறது. ‘செத்துப்போனார்’ என்றால் சொல்பவர் அந்தச் சாவுக்குச் சாட்சி நிற்கிறார். ‘செத்துப்போனாராம்’ என்றால் யாரோ சொன்னார்கள், காதில் விழுந்தது, எனக்குப் பொறுப்பில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் உண்மையையும் வதந்தியையும் எப்படிப் பிரிப்பது என்று அரசு விளம்பரங்களும் பத்திரிகைகளும் உபதேசம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு இந்த ‘ஆம்’தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ‘அதிகாரபூர்வத் தகவலை மட்டும் நம்புங்கள்’ என்பது அந்த உபதேசத்தின் சாரம். யார் சொல்கிறார் என்பதை வைத்து உண்மையைத் தீர்மானிக்கும் இந்த முறையோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறென்ன தெரியும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பத்திரிகையாளர்களிடமும் சொன்னார். மறுநாள் காலை மயங்கி விழுந்தவரை வடபழனியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். கே.கே. நகர்வாசிகளான எங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மருத்துவமனை இந்தப் பக்கம் நூறடி ரோட்டில், அவர் வீடு அந்தப் பக்கம் விருகம்பாக்கத்தில். அன்று காலை எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஊசி போட்டுக்கினு ரெண்டே நாள்ல பூட்டாரு, பாத்தீங்களா சார்?”

“ரத்தக்குழாய் அடைப்புன்னு டாக்டருங்க சொல்றாங்கண்ணே.”

“சொல்வாங்க சார். வேற இன்னா சொல்வாங்க?”

அவருடைய முதல் வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டது உண்மை, இரண்டே நாளில் இறந்ததும் உண்மை. சிக்கல் ‘போட்டுக்கினு’ என்பதில் இருக்கிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் நம் மொழியில் இரண்டு வேலை பார்க்கிறது. ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்பதில் அது வெறும் வரிசை. குளித்ததனால் சாப்பிட்டான் என்று யாரும் கொள்வதில்லை. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதில் அதே எச்சம் காரணம். ‘ஊசி போட்டு இறந்தார்’ என்பது இவ்விரண்டில் எந்தப் பக்கம்? இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கேட்பவரின் பயம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிகள் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் மரத்தடியில் நிற்பவனுக்குக் காக்கை தெரியும். காம்பு எத்தனை நாளாகக் கனிந்திருந்தது என்பது தெரியாது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது, அது ஓரிரு நாளில் உண்டாவதில்லை என்று மருத்துவர்கள் சொன்னது அந்தக் காம்பைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் போன வழியைப் பார்த்தேன். காலையில் ‘ஊசி போட்டு இறந்தார்’. மதியம் காய்கறிக்கடையில் ‘ஊசி போட்டதால இறந்துட்டாராம்’. எச்சம் இறுகிக் காரணமாகிவிட்டது, ஆனால் ‘ஆம்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரி அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் ‘ஊசியால் இறந்தார். பகிரவும்’. ‘ஆம்’ போயே போய்விட்டது. பேச்சில் தன் பங்குக்கு ஓர் ஒட்டைச் சேர்த்துப் பொறுப்போடு விலகிக்கொள்ளும் அதே மனிதர்கள் எழுத்தென்று வந்ததும் அதை உதிர்த்துவிடுகிறார்கள். எழுத்துக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் மரியாதை அப்படி. (மூடநம்பிக்கையைத் திரையில் விடாமல் கிண்டலடித்த ஒரு கலைஞனின் சாவுக்கு இது நேர்ந்தது என்பதை விவேக்கே நகைச்சுவையாக எழுதியிருப்பார்.) வாட்ஸ்அப்காரர்கள் 2019இல், ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட ஆரம்பித்தார்கள். நாம் உதிர்த்த ‘ஆம்’மை யந்திரம் திருப்பி ஒட்டுகிறது என்றே அதை வாசிக்கிறேன். நம்மவர்கள் லேசுப்பட்டவர்களா? நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்பு காணாமல் போய்விடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இது வெறும் இலக்கண விளையாட்டு அல்ல. அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது.

எச்சம் போலவே தொகையும் ஆபத்தானது. 2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோது நான் கல்லூரி மாணவன். சளி மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. தெருவில் அதற்குப் பெயர் ‘பன்றிக் காய்ச்சல்’. தொகையை விரிப்பது கேட்பவன் வேலை. எல்லோரும் ‘பன்றியால் வரும் காய்ச்சல்’ என்று மூன்றாம் வேற்றுமையில் விரித்துக்கொண்டார்கள். அந்தக் கிருமியின் மரபணுக்களில் பன்றிக் கிருமிகளின் வம்சம் இருந்தது, நோய் பரவியதோ மனிதரிடமிருந்து மனிதருக்கு. உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 30ஆம் தேதியே அந்தப் பெயரைக் கைவிட்டது. அதற்குள் எகிப்து அரசு சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டிருந்தது. கெய்ரோவில் குப்பை பொறுக்கிப் பன்றி வளர்த்தவர்கள் பெரும்பாலும் காப்டிக் கிறித்துவர்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால், ஒரு தொகை யார் தலையில் விரிகிறது என்பது விளங்கும். 1918இன் ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ இன்னொரு தொகை. போரில் இறங்கிய நாடுகள் தத்தம் பத்திரிகைகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தன. நடுநிலை ஸ்பெயின் மட்டும் வெளிப்படையாக எழுதியது. எழுதியவன் தலையில் நோயைக் கட்டினார்கள். அதாவது இந்த வதந்தியை உற்பத்தி செய்ததே அதிகாரபூர்வ மௌனம்தான்.

இங்கிருந்துதான் எனக்கு ‘அதிகாரபூர்வத் தகவல்’ மேல் சந்தேகம். 2020 மே, ஜூனில் கோடம்பாக்கம் மண்டலம் தினசரிப் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. கே.கே. நகரும் அதில் சேர்ந்ததுதான். தெருத் தெருவாகத் தகரம் அடித்தார்கள். ‘சாவை மறைக்கிறாங்களாம்’ என்பது அன்றைய பேச்சு. மாநகராட்சி இறப்புப் பதிவேட்டுக்கும் அரசின் அறிக்கைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பத்திரிகைகளும் எழுதின. வதந்தி பரப்பாதீர்கள் என்ற எச்சரிக்கை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. ஜூலை 22 அன்று, ஒரு குழு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, விடுபட்டிருந்த 444 சென்னைச் சாவுகள் ஒரே நாளில் கணக்கில் ஏறின. உள்நோக்கமா, கவனக்குறைவா என்பது தனி விவாதம். தெருவில் ஓடிய பேச்சுக்கு ஆதாரம் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

அகப்பாடல் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முணுமுணுப்பு அம்பல், ஊரறிந்த பேச்சு அலர். அலரறிவுறுத்தல் என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஊர்ப்பெண்டிர் கொடியவர்கள், வாய் நீளமானவர்கள். ஆனால் அவர்கள் சொல்வது பொய்யில்லை. காதல் இருக்கத்தான் செய்கிறது. தாய்க்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டின் அதிகாரம் மறைப்பதை ஊர் பேசுகிறது.

இதை வைத்துக்கொண்டு வதந்தியைக் கொண்டாடக் கிளம்பும் நண்பர்களும் இருக்கிறார்கள். ரணஜித் குகா 1983இல் வெளிவந்த தன் நூலில், காலனிய இந்தியாவின் குடியானவர் எழுச்சிகளில் வதந்தி எப்படி ஆசிரியன் இல்லாத, வாய்வழிப்பட்ட, அடித்தள மக்களின் சொல்லாடலாகச் செயல்பட்டது என்று எழுதினார். விளிம்புநிலை ஆய்வுகள் தமிழில் அறிமுகமானதிலிருந்து, வதந்தி என்றாலே எதிர்ப்பின் குரல் என்ற பொதுப்புத்தி நம் சிற்றிதழ் வட்டாரத்தில் உருவாகிவிட்டது. குகாவை இப்படி மொட்டையாக வாசிக்கக்கூடாது. 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையுமாக ஒரு கும்பல். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் அடிபட்டார்கள். சக மருத்துவர் ஒருவர் மண்வெட்டி எடுத்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. ‘பிணத்திலிருந்து தெருவுக்கே பரவும்’ என்ற ஆசிரியனற்ற வாக்கியம் அங்கே யாருடைய எதிர்ப்புக் குரல்? அதிலும் ‘ஆம்’ இல்லை. ‘பரவுமாம்’ என்று சொல்லிக்கொண்டு யாராலும் கல் எடுத்திருக்க முடியாது.

அரசின் அறிக்கைக்கும் இதையே கேட்கிறேன். 2020 ஜூனின் அந்தத் தினசரி எண்கள், ‘இதுவரை எங்களுக்கு வந்து சேர்ந்த கணக்கின்படி’ என்ற தயக்கம் எதுவுமில்லாமல், முற்றுப்புள்ளி வைத்த எண்களாகவே எங்கள் காதில் விழுந்தன. அரசின் வாக்கியத்தில் ‘ஆம்’ இருந்திருந்தால், 444 வெறும் திருத்தமாக இருந்திருக்கும். இல்லாததால் அது குட்டு வெளிப்பட்டதாக ஆயிற்று. பத்து மாதம் கழித்து வடபழனியில் மருத்துவர்கள் உண்மையையே சொன்னபோது, “வேற இன்னா சொல்வாங்க?” என்று இஸ்திரிக்காரர் கேட்டதன் பின்னால் நான் இந்த 444ஐயும் கேட்டேன்.

விவேக்கின் சாவுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழு சொன்ன செய்தி 2021 அக்டோபரில் வந்தது. நடுவில் ஆறு மாதம். இரண்டாம் அலை வந்து, அடித்து, ஓய்ந்திருந்தது. எங்கள் அடுக்ககக் குழுவில் அதை யாரும் பகிரவில்லை. ஒற்றை அம்போடுகூட அது எனக்கு வரவில்லை, பேப்பரில்தான் பார்த்தேன்.