இன்வர்ட் இருக்கிறது, அவுட்வர்ட் எங்கே?

ஜெருசலேமில் யூத மத குருமார்களின் கையெழுத்துக் கடிதங்களை ஏலம் விடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ரப்பி என்பார்கள் அந்த குருமார்களை. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களில் ஒருவர் எப்போதோ, யாருக்கோ எழுதிய நாலு வரிச் சீட்டுக்குப் போட்டி போட்டு விலை ஏற்றுகிறார்கள். வாங்குகிறவர் எல்லோரும் படிக்கவா வாங்குகிறார்கள்? வீட்டில் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். பெரியவர் கொடுத்த விபூதிப் பொட்டலத்தை பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஆட்கள்தானே நாமும்! என் சந்தேகம் வேறு. இந்த மரியாதை, காகிதத்தைக் காப்பாற்றுமா, அழிக்குமா?

கெய்ரோவில் காப்பாற்றியது. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா கோயிலில் ஓர் அறைக்குள் போட்டு வைத்தார்கள். கடவுள் பெயரோடு கடைக்கணக்கும் கல்யாண ஒப்பந்தமும் சேர்ந்தே உள்ளே போயின. 1897ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அள்ளிக்கொண்டு போனது மட்டும் கேம்பிரிட்ஜில் 1,90,000 துண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

அதில் ஒரு கடிதம் நம் பக்கத்துக் கடலோடு சம்பந்தப்பட்டது. மைமோனிடிஸ் (1138-1204) என்கிற மகா பண்டிதருக்கு அவர் தம்பி டேவிட் எழுதியது. தம்பி நகை வியாபாரி. செங்கடல் துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் வாங்குவதற்கு அவுரிச் சாயம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, இந்தியாவுக்கே போய்விடுகிறேன், வீட்டில் பயப்பட வேண்டாம், பெண்டாட்டிக்கு தைரியம் சொல்லுங்கள் என்கிறார். போனவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனார். அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கை. பல காலம் கழித்து ஒரு நண்பருக்கு எழுதும்போது, தம்பியின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் துக்கம் புரட்டிப் போடுகிறது என்று சொல்கிறார். கவனியுங்கள், கடிதத்தில் இருந்த சேதி இல்லை, கையெழுத்து.

இங்கே நம் மரியாதை என்ன செய்தது? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த பதில் பிரசித்தம். பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்களாம். பக்தியோடுதான் எரித்தார்கள்! மற்ற இடங்களில் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். அதற்கும் சாஸ்திரம் உண்டு.

அந்த ஐயர் ஒரு விதிவிலக்கு. தனக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார், அதுவும் சுமார் 3,000. சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதிய கடிதம் முதல், புத்தகம் அனுப்பச் சொல்லும் கார்டு வரை. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2018ல் 'கடிதக் கருவூலம்' முதல் தொகுதி வந்தது. 1877லிருந்து 1900 வரை. கட்டாயம் வாங்க வேண்டிய புத்தகம். பதிப்பு வேலை என்பது ஏட்டைப் பார்த்து அச்சுக் கோப்பது இல்லை, ஊர் ஊராய் ஆள் பிடிப்பது, பணம் புரட்டுவது, ஒரு சொல்லுக்காக மாசக்கணக்கில் காத்திருப்பது என்று புரிய வைக்கிற புத்தகம். ஒரே குறை, அது அச்சுக்கே உள்ள குறை: மகாராஜாவுக்கும் மாணவனுக்கும் ஒரே எழுத்துரு. யார் அவசரமாய்க் கிறுக்கினார், யார் நிதானமாய் எழுதினார் என்பது போய்விடுகிறது.

பி.காம். படித்தவனுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. பெசன்ட் நகரில் இருப்பது இன்வர்ட் ரிஜிஸ்தர். ஐயர் எழுதி அனுப்பியது? அது வாங்கினவர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்!

இங்கேதான் ராமநாதபுரம் வருகிறது. 1898ல் மணிமேகலை அச்சேறப் பொருள் கொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். பாஸ்கர சேதுபதியின் நவராத்திரி சபைக்கு ஐயர் போயிருக்கிறார். சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்கார் அந்தக் காலத்துப் பெரிய தலை. புலவர் சீட்டுக்கவி எழுதி அனுப்புவதும் பிரபு பரிசு கொடுப்பதும் அந்த மண்ணில் பழைய வழக்கம். தேவர் எவ்வளவு கொடுத்தார் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். கொடுப்பதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டார்கள், எத்தனை தரம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது, யார் நடுவில் சிபாரிசு செய்தார்? வள்ளலுக்குச் சிலை வைப்பது சுலபம். அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

கரையோரம் போனால் கீழக்கரை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) வாழ்ந்த ஊர். அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் செய்தவர். அதே எழுத்தில்தான் அந்தப் பக்கத்து வீடுகளில் கடிதமும் எழுதினார்கள். கொழும்புக் கடையிலிருந்து கணவன் எழுதுவான், இங்கே மனைவி படிப்பாள். இன்று அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். படிக்கத் தெரியாத பேரனுக்கு அது வேத வசனம் போலவே தெரியும். வேத வசனம் உள்ள தாள் நைந்துபோனால் மண்ணில் புதைப்பதோ நீரில் விடுவதோ முறை. ஆக, தாத்தா எழுதிய அரிசி விலையும் மரியாதையாகவே அடக்கமாகிவிடும்.

மேலே உப்புக் காற்று. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தபாலாபீசுக்கே மிச்சம் இடிந்த சுவர்தான். அதற்குள் அன்றைக்கு என்னென்ன கட்டுகள் இருந்தனவோ. புயலைக் குற்றம் சொல்ல முடியாது. டிரங்குப் பெட்டியில் கிடப்பதற்குப் புயல் வேண்டியதில்லை, ராமபாணப் பூச்சி போதும். போன் கேமராவில் ஒரு மதியம் உட்கார்ந்தால் நூறு கடிதம் படம் எடுக்கலாம். பெரியவர்கள் எழுதியது மட்டுமில்லை, அவுரி கிடைக்கவில்லை என்று தம்பி எழுதியதையும் சேர்த்து எடுங்கள்.