பெயரிழந்த கடற்பிராணிகள்

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் வரைந்த சொறிமீன்களும் மீனியலாளர் மார்க்குஸ் எலீசர் பிளாக் பதிப்பித்த மீன்களும் நூலகங்களை விட்டு வெளியேறி, விடுதிக் கூடங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் சட்டத்துக்குள் அமர்ந்துவிட்டதைக் கண்டு, விஞ்ஞானம் சாமானியரின் இல்லத்துக்கு வந்துசேர்ந்ததென்று மகிழ்ந்து வாதிப்போர் பெருகியிருக்கிறார்கள். அச்சித்திரங்களின் சௌந்தரியத்தை நான் மறுக்கவில்லை. ஹெக்கலின் கோடுகளைக் கல்லச்சில் ஏற்றிய அடால்ஃப் கில்ச்சின் கைத்திறன் அபாரமானது. குறைந்த விலையில் அதன் நகல் ஒன்று கிடைப்பதும் நல்லதே. ஆயினும் சுவரில் ஏறியது விஞ்ஞானம் என்பதை மட்டும் எக்காலத்திலும் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை.

1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஹெக்கலின் 'இயற்கையின் கலைவடிவங்கள்' என்னும் நூலின் 100 படங்களில் ஒவ்வொன்றுக்கும், எந்த உருவம் எந்தப் பிராணியினுடையது என்று எடுத்துரைக்கும் விளக்கத் தாள் ஒன்று உண்டு. இன்றைய வியாபாரம் முதலில் கழித்துவிடுவது அந்தத் தாளைத்தான். அதனால், நுண்ணோக்கியின்றிப் புலப்படாத ரேடியோலேரியா என்னும் ஒருசெல் கடலுயிரும் கையில் அடங்காத சொறிமீனும் ஒரே அளவான சட்டங்களில் சரிசமமாக நிற்க, பார்ப்பவர் இரண்டையும் வெறும் கோலங்களாகவே கொள்ள நேர்கிறது. எட்டாம் படத்தில் நீண்ட இழைகளை அலையவிட்டு மிதக்கும் சொறிமீனுக்கு ஹெக்கல் சூட்டியது, 1864இல் அவருடைய முப்பதாவது பிறந்த நாளன்றே மரித்த மனைவி அன்னா சேத்தேயின் பெயர். பெயரைக் களைந்து அப்படத்தை மாட்டுபவர், ஒரு மனிதனின் துக்கத்தையும் அறியாமலே களைந்துவிடுகிறார்.

பிளாக்குக்கு இழைக்கப்படும் அநீதி இதனினும் பெரிது. 1782 முதல் 1795 வரை பெர்லினில் வெளிவந்த, 432 வண்ணப் படங்கள் கொண்ட அவருடைய மீன் நூலுக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பியவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார். அவர் நினைவாகப் பிளாக் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டதோடு, நம் கரையில் வழங்கிய 'கருத்த கத்தாளை' என்ற பெயரின் முற்பகுதியை 'ஜானியஸ் கருத்தா' என்று விஞ்ஞானத்திலும் நிலைநிறுத்தினார். படத்தின் அடியில் பொறிக்கப்பட்ட பெயர்களில்தான் அந்தக் கடற்கரையும் அதன் மீனவரும் இருக்கிறார்கள். இத்தகைய பழைய நூல்களைக் கட்டுப் பிரித்துத் தனித்தனித் தாள்களாக விற்பவரும், ஓரத்து அட்டையால் அடியெழுத்தை மறைத்துச் சட்டமிடுபவரும், செய்வது அழிவு வேலையேயன்றி ரசனையன்று. ஊரும் பெயரும் அளவும் போனபின் எஞ்சுவது சுவர்க் காகிதத்தின் பூவேலை. அதை அறிவின் பரவல் என்று போற்றுவது அறிவுக்குச் செய்யும் துரோகம்.

வாங்குவோருக்கு என் வேண்டுகோள் இதுவே: அச்சான புதிய நகலையே வாங்குங்கள், பழைய நூலிலிருந்து கிழித்த தாளைத் தொடாதீர்கள். ஹெக்கலின் விளக்கத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றையும் அச்சிட்டுப் படத்தின் அருகிலேயே மாட்டுங்கள்.