இந்தி வகுப்பு, பாட்டு வகுப்பு, ஊட்டிப் பள்ளி: 1981இன் மூன்று காதல் படங்கள்

எண்பதுகளின் காதல் படங்கள் என்றாலே நம்மில் பலருக்கு முதலில் பாட்டுதான் ஞாபகம் வரும். இளையராஜா, ஜானகி, உமா ரமணன் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். படம் எப்படி என்று கேட்டால், "நல்ல படங்க, அப்ப எல்லாரும் பார்த்தோம்" என்பதோடு சரி. மாணவர்களிடம் கருப்பொருள், பாத்திரப்படைப்பு, உத்தி என்று அக்குவேறு ஆணிவேறாக எழுதச் சொல்லும் நாம், இந்தப் படங்களை மட்டும் தொடாமலே பூஜை அறையில் வைத்திருக்கிறோம்.

சற்றுத் தொட்டுத்தான் பார்ப்போமே. 1981 என்ற ஒரே ஆண்டில் மூன்று படங்கள் வந்தன. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை', பாரதி-வாசு இரட்டையரின் முதல் படமான 'பன்னீர் புஷ்பங்கள்', கே.பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'. முதலாவது மதம் கடந்த காதல், இரண்டாவது பள்ளிப் பருவக் காதல், மூன்றாவது முழு நகைச்சுவை. மூன்றுக்கும் பொதுவான ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. மூன்றிலும் காதலுக்கு ஒரு பாடம் நடக்கிறது. ஒன்றில் பாட்டு வகுப்பு, ஒன்றில் பள்ளி வகுப்பறை, ஒன்றில் வீட்டு இந்தி வகுப்பு. மூன்றிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஆசிரியர்களாகிய நாம் இந்தப் படங்களைத் திரும்பப் பார்க்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

பாக்யராஜிலிருந்தே தொடங்கலாம். தலைப்பே கம்பனிடமிருந்து வந்தது. போர்க்களத்தில் ஆயுதம் இழந்து நிற்கும் இராவணனை இராமன் திருப்பி அனுப்பும் கட்டம் அது. அங்கே வென்றவனின் பெருந்தன்மையாக ஒலிப்பது, இங்கே வேலைவெட்டி இல்லாத மூன்று இளைஞர்களின் அன்றாடப் பிழைப்பாகிவிடுகிறது. எதிர்வீட்டுக்கு வந்த பெண்ணுக்காகத் தினமும் போய்த் தினமும் திரும்பி வருகிறார்கள். காப்பியத்தின் உச்சத்தைத் தெருமுனைக்கு இறக்குவது எள்ளல். அதைத் தலைப்பிலேயே செய்து முடித்துவிட்டார் பாக்யராஜ். உத்தி பற்றி எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் பின்னோக்கு உத்தியோடு நின்றுவிடுகிறார்கள். தலைப்பும் ஓர் உத்திதான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த இந்தி வகுப்புக்கு வருவோம். பெண்ணின் அப்பா இந்தி வாத்தியார். அவரைப் பிடித்தால் வீட்டுக்குள் நுழையலாம் என்று மூவரில் ஒருவன் மாணவனாகச் சேர்கிறான். ஓர் ஊரில் ஒரு விவசாயி வாழ்ந்து வந்தான் என்ற பொருள்படும் சாதாரண வாக்கியம்தான் பாடம். அதன் கடைசியில் வரும் 'வாழ்ந்து வந்தான்' என்ற வினை அவன் வாயில் 'ரகு தாத்தா' ஆகிறது. வாத்தியார் திருத்துகிறார், அவன் மறுபடியும் தாத்தாவையே கூப்பிடுகிறான். 2024இல் கீர்த்தி சுரேஷ் நடித்து வெளிவந்த படத்துக்கு 'ரகு தாத்தா' என்றே பெயர் வைக்கும் அளவுக்கு அந்த நகைச்சுவை நாற்பது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது.

ஏன் இருக்கிறது? 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும், 1968இல் வந்த இருமொழிக் கொள்கையையும் கண்ட மண் அது. கோபமாகப் பேசப்பட்ட ஒரு விஷயத்தைச் சிரிப்பாகப் பேசியதும் திரையரங்கம் வெடித்தது. இது ஒரு காரணம். ஆனால் அந்த அரசியல் எதுவும் தெரியாத நம்ம பிள்ளைகளும் சிரிக்கிறார்களே! அங்கேதான் பாக்யராஜின் கூர்மை இருக்கிறது. பழக்கமில்லாத ஒலியைக் கேட்கும்போது நம் காது சும்மா இருக்காது. தனக்குத் தெரிந்த சொல்லை அதற்குள் தேடும். அந்தப் பையனின் காதுக்கு ஒரு தாத்தா கிடைத்தார். மலாயும் ஆங்கிலமும் புழங்கும் வீட்டிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளை தமிழில் செய்யும் தவறும் பல நேரம் இதே வகைதான். இன்னொன்றும் கவனியுங்கள். வாத்தியார் செய்வதெல்லாம் அதே வாக்கியத்தை மறுபடி மறுபடி சொல்வதுதான். பொருளை விளக்கினால் தாத்தா போய்விடுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பில் பாதி அவருக்கும் சேர வேண்டியது. (பயிற்சி ஆசிரியர்களுக்கு உச்சரிப்புப் பாடம் எடுப்பவர்கள் இந்தக் காட்சியைத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம்.)

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் பெண்ணின் மனத்தைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கவில்லை. வீட்டுப் பெரியவர்களின் மனத்தைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள். ராதிகா துடிப்பாக நடித்திருந்தும், படத்தின் முதல் பாதியில் அவர் ஒரு பரிசுக் கோப்பை மாதிரி. எதிர்வீட்டிலிருந்து உற்றுப் பார்ப்பதும் பின்னால் போவதும் அங்கே வேடிக்கை. "அந்தக் காலம் அப்படி" என்று சமாதானம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துப் பெண்களுக்கும் அது வேடிக்கையாக இருந்திருக்காது. ஒன்றை மட்டும் படத்தின் பக்கம் நின்று சொல்லலாம். துரத்துகிறவர்களை அது வீரர்களாகக் காட்டவில்லை, கோமாளிகளாகக் காட்டியது. பின்னாளில் வந்த எத்தனையோ படங்கள் அந்தக் கோமாளித்தனத்தைக் கழற்றிவிட்டுத் துரத்தலை மட்டும் வைத்துக்கொண்டன. 2013இல் இதே கதை 'கண்ணா லட்டு தின்ன ஆசையா' என்று மீண்டும் வந்தது. சிரிப்பு இருந்தது, ஆனால் தாத்தா மாதிரி ஒருவர் பிறக்கவில்லை.

'அலைகள் ஓய்வதில்லை' வேறு ரகம். கார்த்திக்குக்கும் ராதாவுக்கும் முதல் படம், மணிவண்ணனின் கதை, முட்டம் கடற்கரை. பிராமணப் பையன் விச்சு, கிறிஸ்தவப் பெண் மேரி. விச்சுவின் அம்மாவாக வரும் கமலா காமேஷ் பாட்டு டீச்சர். அவரிடம் மேரி பாட்டுக் கற்க வருகிறாள். என்னைக் கேட்டால் படத்தின் ஆகச் சிறந்த பகுதி அந்த வீட்டுத் திண்ணையும் கூடமும்தான். இரண்டு வீடுகளின் ஒலிகள் அங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன. 'காதல் ஓவியம்' பாடல் மந்திர ஒலியோடு தொடங்குவது இந்தச் சந்திப்பின் நீட்சி. மதம் பற்றிய வசனம் எதுவும் இல்லாமலே நாம் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறோம். அண்ணியாக வரும் சில்க் ஸ்மிதாவையும் பாருங்கள். தமிழ் சினிமா அவருக்கு இப்படிப்பட்ட கனமான வேடங்களை மிகக் குறைவாகவே கொடுத்தது.

பிறகு படம் சத்தம் போடத் தொடங்குகிறது. கடைசியில் பூணூலும் சிலுவைச் சங்கிலியும் கழற்றி எறியப்படுகின்றன, இருவரும் கைகோத்து நடக்கிறார்கள். 1981இல் அதற்குத் துணிச்சல் வேண்டும், மறுக்க முடியாது. குறியீடு என்ற முறையிலும் அது சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் இரண்டு அடையாளங்களும் தொடக்கத்திலிருந்தே நம் கண்முன் இருக்கின்றன. ஆனால் எறிந்ததும் இருவரும் பெரியவர்கள் ஆகிவிட்டார்களா? எங்கே போவார்கள், எதை வைத்துச் சாப்பிடுவார்கள், பாட்டு டீச்சர் அம்மா நாளைக்கு யாருக்குச் சொல்லித் தருவார்? மதத்தைப் பற்றிய கேள்விக்குப் படம் பதில் சொன்னது. வயதைப் பற்றிய கேள்வியை அலையோடு விட்டுவிட்டது.

அந்த இரண்டாவது கேள்வியைக் கையிலெடுத்தது 'பன்னீர் புஷ்பங்கள்'. ஊட்டிப் பள்ளிச் சீருடையில் சுரேஷும் சாந்தி கிருஷ்ணாவும். சுரேஷுக்கு இதுவே முதல் படம். சிம்மேந்திர மத்தியமத்தில் அமைந்த 'ஆனந்த ராகம்' பாட்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார். பாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் படத்தின் நடுவில் நிற்பவர் பிரதாப் போத்தன். மாணவர்களின் காதலைக் குற்றமாகப் பார்க்காத ஆசிரியர். பிரம்பு எடுக்காத, கேலி செய்யாத, காது கொடுத்துக் கேட்கிற ஆசிரியர். தமிழ்ப் படத்தில் வாத்தியார் என்றால் ஒன்று தெய்வம், இல்லையென்றால் குடுமி வைத்த கோமாளி என்றிருந்த நிலையில் இது பெரிய மாற்றம்.

ஆனால் படம் அவரை ரசிக்கிற அளவுக்குச் சோதிக்கவில்லை. நண்பனாக இருப்பதற்கும் ஆசிரியராக இருப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறதே, அதன்மேல் அவர் எப்போதும் புன்னகையோடு நடக்கிறார், தடுமாறவே மாட்டேன் என்கிறார். பள்ளியில் ஆலோசனைப் பொறுப்பில் இருப்பவர்களைக் கேளுங்கள், அந்தக் கோடு எவ்வளவு வழுக்கும் என்று சொல்வார்கள்.

இங்கே 'அழியாத கோலங்கள்' படத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1979இல் வந்தது, கணக்குப்படி எண்பதுகளில் சேராதுதான். பாலுமகேந்திராவின் அந்தப் படத்தில் ஷோபா ஆசிரியை, பிரதாப் போத்தன் அவருடைய காதலர். ஆசிரியை மீது மயங்கும் மூன்று சிறுவர்களுக்கும் அவர் இடைஞ்சல். இரண்டே ஆண்டில் அதே நடிகர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து ஆசிரியராகிவிட்டார்! அந்த மூன்று சிறுவர்களில் ஒருவன் நீரில் மூழ்கி இறக்கிறான். மற்ற இருவரும் அந்தக் கரையில் நிற்கும்போதுதான் சிறுவர்களாக இருப்பது முடிகிறது. வசனம் தேவைப்படவில்லை. வளர்வது என்பது எதையாவது எறிவதிலோ யாரையாவது அடைவதிலோ இல்லாமல், இழப்பதில் நடந்துவிடுகிறது. 1981இன் மூன்று படங்களும் இந்த இடத்துக்கு வரவில்லை. நகைச்சுவைப் படத்திடம் அதைக் கேட்பது நியாயமில்லை, மற்ற இரண்டிடம் கேட்கலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கதை கையில் கிடைத்ததும் 'படிப்பினை' என்று எழுதி, படிக்கும் வயதில் காதல் கூடாது என்று முடித்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல 'பன்னீர் புஷ்பங்கள்' தேவையில்லை, உங்கள் அம்மாவே போதும். கதை யார் கண்வழியாக நகர்கிறது, யார் பேசாமல் இருக்கிறார், அவர் பேசியிருந்தால் கதை எங்கே திரும்பியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரப்படைப்புக்கான பதிலில் சொந்தச் சரக்கு தானாக வந்து சேரும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்ய ஒன்று: 'ரகு தாத்தா' காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். சிரித்து முடித்ததும், பக்கத்து அறையிலிருந்து அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகள் அன்றிரவு நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பாள் என்று 120 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். அவள் சிரித்தாளா, எரிச்சல்பட்டாளா, அப்பாவுக்காக வெட்கப்பட்டாளா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.