சுவரொட்டியும் சேகரிப்பாளரும்

அரசியற் சுவரொட்டியின் ஆற்றல் அதன் பெருக்கத்திலேயே தங்கியுள்ளது. 1968 மே மாதத்திற் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவரும் ஓவியரும் பட்டுத்திரை அச்சினைத் தேர்ந்தனர். விரைவும் மலிவும் அதன் இயல்புகள். அவர்கள் தம் ஆக்கங்களிற் பெயர் பொறிக்கவில்லை. அவை அலங்காரப் பொருளாக்கப்படுவதையும் வெளிப்படையாகக் கண்டித்தனர்.

பிற்கால வீதி ஓவியர் சிலரோ அதே அச்சினை எண்ணிட்டு, ஒப்பமிட்டு, வரையறுத்து விற்கின்றனர். திரை மேலும் பல பிரதிகளைத் தரக்கூடியதாயிருக்க, அருமை இங்கு வேண்டுமென்றே ஆக்கப்படுகின்றது. எனினும் இதனை வெறும் வணிகமென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அமெரிக்கரான ஷெப்பர்ட் ஃபெயரி 2008இல் ஒபாமாவின் உருவத்தை முதலில் அச்சிட்டபோது, 350 பிரதிகளை விற்பனைக்கும் 350 பிரதிகளை வீதிக்கும் ஒதுக்கினார். விற்ற பணம் மேலும் சுவரொட்டிகளாயிற்று. இங்கு வரையறையே பெருக்கத்துக்கு உதவிற்று.

எனவே, எத்தனை பிரதிகள் என்பதன்று, அவ்வரையறை எதற்குப் பயன்பட்டது என்பதே திறனாய்வாளர் எழுப்பவேண்டிய வினா. மழையில் அழியும் தாளைச் சேகரிப்பாளர் காக்கின்றார். அது மறுக்கவொண்ணாத பணி. ஆயின், அது எந்தச் சுவருக்காக, எந்த அரசியல் தேவையின்பொருட்டு அச்சிடப்பட்டதென்ற செய்தி இழக்கப்படின், எஞ்சுவது எண்ணிட்ட தாள் மட்டுமே.