ஓநாயாகும் காதலன்

தமிழ் நாவலின் இளமைப் பருவத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரைத் தவிர்த்துவிட்டுச் செல்ல இயலாது. 1814இல் பிறந்து 1879இல் மறைந்த அவர், தம் நாட்டார் மறந்த பின்னரும் நம் நாட்டு வாசகரிடையே நெடுநாள் வாழ்ந்தார். மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட ‘குமுதவல்லி’ அவருடைய ‘லைலா’வின் தழுவலே. ஆரணி குப்புசாமி முதலியாரும் அவருடைய கதைகளுக்குத் தமிழ் உடை அணிவித்தார். இத்துணைப் பேரை மயக்கியவர் அச்சமும் மாயமும் காதலும் கலந்து 1846-47இல் எழுதிய ‘ஓநாய் மனிதன் வாக்னர்’ என்னும் நாவலை மிகுந்த ஆவலுடன் எடுத்தோம். படித்து முடித்தபோது எஞ்சியது ஏமாற்றமே.

கதையின் கரு எளியதன்று. கருங்காட்டில் தனித்து விடப்பட்ட முதியவன் வாக்னருக்கு இளமையும் செல்வமும் கிடைக்கின்றன. அதற்கு விலை, ஒவ்வொரு மாதமும் இறுதி நாளின் அந்தியில் அவன் ஓநாயாக வேண்டும். விடியும்வரை ஓட வேண்டும். பிளாரன்ஸ் நகரில் நிசிதா என்னும் சீமாட்டியிடம் அவன் மனம் செல்கிறது. அவளோ செவிடும் ஊமையுமாக நடித்து வாழ்பவள். வாக்னரின் பேத்தி ஆக்னசை அவனுடைய காதலி என்று எண்ணி நிசிதா கொன்றுவிடுகிறாள்; பழி வாக்னர்மீது விழுகிறது. இறந்தவளுக்குத் தான் பாட்டன் என்று அந்த இளைஞன் சொன்னால் எந்த நீதிமன்றம் நம்பும்? இவ்விடத்தில் ரெய்னால்ட்ஸின் கற்பனையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பெற்ற வரமே வாயைக் கட்டிப்போடும் இந்த நிலை ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு சென்றிருந்தால் உயர்ந்த நாவல் ஒன்று பிறந்திருக்கும்.

அவர் செல்லவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு பென்னிக்கு விற்ற இதழில் தொடராக வந்த கதை இது. எங்கள் சேவூரிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பீஸ் ரேட் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. கை நிற்கக் கூடாது. எண்ணிக்கை குறையக் கூடாது. ஆயினும் அங்கே செக்கிங் மேசை என்று ஒன்று உண்டு. ரெய்னால்ட்ஸின் பட்டறையில் அதுதான் இல்லை. கன்னிமாடத்தின் நிலவறை, கொள்ளையர், ஆளில்லாத் தீவு, பூட்டிய அறைக்குள் எலும்புக்கூடுகள் என்று துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டே போகிறார். பிசிறுகள் அப்படியே தொங்குகின்றன.

முதன்முறை வாக்னர் ஓநாயாகி ஓடும் பகுதியில் உண்மையிலேயே நமக்கு மூச்சு முட்டுகிறது. பின்னர் அது நாட்காட்டியில் குறித்து வைத்த ஒரு வேலையாகிவிடுகிறது. அந்த வெறியோட்டத்தில் அகப்பட்டு மாண்டோர் யார்? அவர்தம் வீட்டார் என்ன ஆயினர்? ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதில்லை. காதலரின் பெருமூச்சுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு; மிதிபட்டவனுக்கு ஒரு வரி இல்லை. ஆன்மாவை விற்றால் விடுதலை என்று சைத்தான் ஆசை காட்டும்போது வாக்னர் மறுப்பது சிறந்த கட்டம்தான். எனினும் தன்னால் இறந்தோரை எண்ணி அவன் மறுத்திருந்தால் அம்மறுப்புக்கு இன்னும் எடை கூடியிருக்கும்.

மாயக் கதை என்பதால் நாம் முகம் சுளிக்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. ஆயிரத்தொரு இரவுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் பாடிய புலவர் மரபு நம்முடையது. வியப்பு நமக்குப் பகையன்று.

மனம் நொந்தது வேறிடத்தில். நாவலின் ஒரு கிளை இஸ்தன்பூலுக்குச் செல்கிறது. அலெசாண்ட்ரோ என்னும் பிளாரன்ஸ் இளைஞன் பதவி ஆசையாலும் ஓர் அழகியின் மயக்கத்தாலும் இஸ்லாத்தைத் தழுவி இப்ராஹீம் பாஷா ஆகிறான். மார்க்கம் மாறுவது இங்கே சட்டை மாற்றுவது போல் முடிந்துவிடுகிறது. துருக்கி அரண்மனை என்றால் சூழ்ச்சியும் அந்தப்புரமும்தான். வரலாற்று இப்ராஹீம் பிளாரன்ஸ்காரர் அல்லர். பர்காவில் பிறந்து, சிறுவனாக அடிமைப்பட்டு, சுலைமானின் இளமைத் தோழராகி, 1523இல் தலைமை வசீர் ஆனவர். எகிப்தின் ஆட்சியைச் சீர்செய்தவர். 1536இல் ரமலான் மாத இரவொன்றில் அதே சுலைமானின் ஆணையால் உயிர் இழந்தவர். நண்பனை உயர்த்திய கையே நண்பனை அழித்த இக்கதையில் ஓநாயைவிடக் கொடிய மாற்றம் இல்லையா? அந்த உள்ளங்களுக்குள் எட்டிப் பார்க்க ரெய்னால்ட்ஸுக்குப் பொழுதில்லை.

இதனை வெறும் இனப் பகை என்று தள்ளிவிடவும் நம்மால் இயலவில்லை. ரெய்னால்ட்ஸ் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தவர். இதே நாவலில் ஐசக்கார் என்னும் யூத முதியவரைக் கண்ணியமான மனிதராகக் காட்டுகிறார். யூதர் பட்ட துன்பத்துக்காகக் கொதிக்கிறார். அந்தக் கண் அவருக்கு இருந்தது. பாஸ்பரஸ் கரைக்கு வந்ததும் அதை மூடிக்கொண்டார் என்பதே நம் வழக்கு.

கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். அதிலும் குழந்தைக் கடத்தல் உண்டு, தற்செயல்கள் உண்டு, பிசிறுகளும் உண்டு. கட்டுக்கோப்பில் ரெய்னால்ட்ஸை அது விஞ்சிவிடவில்லை. ஆயினும் அங்கே முஸ்லிம் ஒருவன் திரைச்சீலையில் வரைந்த தலைப்பாகையாக நிற்கவில்லை. படிக்கிறான், பழகுகிறான், தன் குடும்பத்தைத் தேடி அலைகிறான். ரெய்னால்ட்ஸின் தழுவல்கள் எத்தனை எத்தனை பதிப்புகள் கண்டன! சித்தி லெப்பையின் நூலைத் தேடி நாம் எத்தனை நூலகங்களில் அலைய வேண்டியிருக்கிறது!