ஒரே சொல்லில் இரண்டு காடுகள்

பருவநிலை மாற்றம் பற்றி நம் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதப்படும் கையேடுகளையும் பட்டறைத் தாள்களையும் கட்டுரைப் போட்டித் தலைப்புகளையும் யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. அவை இலக்கியம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரையிலான கடலோரத்திலும் அதன் உள்ளே இருக்கும் தோட்டங்களிலும் வளரும் ஒரு தமிழ்ப்பிள்ளை, தன் காலடி மண்ணுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் வாசிப்பது இவற்றைத்தான். பட்டறைகளில் கலந்துகொண்டவன், பின்னர் ஒன்றிரண்டில் பேசியவன் என்ற முறையில் கிடைத்தவற்றையெல்லாம் ஒரு வாசகனாக உட்கார்ந்து படித்தேன். பனிக்கரடி இருக்கிறது. உருகும் பனிமலை இருக்கிறது. ஞெகிழிப் பை தவறாமல் இருக்கிறது. கடலுக்கும் செம்பனைக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மண்கரை மட்டும் எங்கேயும் இல்லை.

மொழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம் பாடநூல் தமிழில் 'சதுப்புநிலக் காடு' என்று ஒரு சொல் இருக்கிறது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் சேற்றில் வேர்விட்டு நிற்கும் பாக்காவ் காட்டுக்கும் அதுதான் பெயர். பெஸ்தாரி ஜெயாவுக்கு வடக்கே ராஜா மூசா பக்கம் இருக்கும் கம்புட் காட்டுக்கும் அதுதான் பெயர். இரண்டுமே சதுப்புதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒன்று கடலோடு வரும் சேற்றைப் பிடித்து நிலத்தை உயர்த்தும் காடு. இன்னொன்று, மக்காத இலைதழையும் மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிச் சேர்ந்த மண்ணின் மேல் நிற்கும் காடு. பாரிட் வெட்டி அந்த நீரை வடித்துவிட்டால் நிலம் கீழே இறங்கும், காய்ந்தால் எரியும். உயரும் நிலத்துக்கும் இறங்கும் நிலத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பருவநிலைப் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று பிறகு வருத்தப்படுகிறோம்.

பழந்தமிழில் 'கண்டல்' இருக்கிறது. முத்துப்பேட்டைக்காரர்கள் 'அலையாத்தி' என்கிறார்கள், பிச்சாவரத்தில் 'சுரபுன்னை' என்கிறார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமே கண்டல் காட்டின் உள்விளிம்பில் வளரும் மரம்தான். நம் கடலோரத்திலும் அது உண்டு. மலாயில் 'பூத்தா பூத்தா' என்பார்கள், குருட்டு மரம். பட்டையைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. தைப்பூசத்துக்கும் திருவாதிரைக்கும் போய்வருகிற நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு, தில்லை நடராசரின் மரம் பக்கத்துக் கழிமுகத்தில் நிற்பது தெரியும்? பாலமரம் என்றால் நமக்கு ரப்பர் ஒன்றுதான்.

சொல்லை விட்டு எண்ணுக்கு வருகிறேன். 2021இல் வந்த ஐபிசிசி அறிக்கைப்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இந்த எண் பல கையேடுகளில் இருக்கிறது. ஆனால் 3.7 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவன் என்ன செய்வான்? அடிமட்டத்தில் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா சார்?" என்றுதான் கேட்பான். நியாயமான கேள்வி. பதில் பக்கத்துத் தோட்டத்துப் பாரிட்டில் இருக்கிறது. தென்கிழக்காசியாவில் வடிகால் வெட்டிய கம்புட் நிலங்களை அளந்தவர்கள், முதல் சில ஆண்டுகளின் பெரிய இறக்கத்துக்குப் பிறகும் அவை ஆண்டுக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்குவதாகச் சொல்கிறார்கள். கடல் ஏறுவதைவிட நிலம் இறங்குவது குறைந்தது ஐந்து மடங்கு வேகம். கடல் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அந்த நிலம் ஒருநாள் தண்ணீருக்குக் கீழே போகும்.

கடலோரக் களிமண் தோட்டங்களின் கதை வேறு. அங்கே எல்லாமே மதகுதான். மதகின் கதவு, கடல் இறங்கும்போது திறந்து உள்தண்ணீரை வெளியே விடும். கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும். இப்படி ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை. வடிந்துபோக அந்த இறக்க நேரம்தான் வழி. கிள்ளான் துறைமுகத்துக்கான கடற்படையின் ஓத அட்டவணையைப் பார்த்தால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்கள் 5 மீட்டரைத் தாண்டுவது தெரியும். அந்த நேரம் பார்த்து மேலே பெரிய மழை பெய்தால் கதவு திறக்காது, தண்ணீர் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். கடல்மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். 3.7 மில்லிமீட்டர் நம் வீட்டுக்கு வருவது கரையைத் தாண்டி அலையாக இல்லை, வடியாத லோங்காங் தண்ணீராக. "ஆயர் பாசாங் நேரம், மழை வேற, இன்னைக்கு வடியாது" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதில் இந்த இயற்பியல் முழுதாக இருக்கிறது. கையேடு எழுதுகிறவர்கள் அவர்களிடம் கேட்பதில்லை.

புகைமூட்டத்துக்கும் இதே கதிதான். 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். அன்றைய புகையில் பெரும்பங்கு, சுமத்ராவில் எரிந்த காட்டிலிருந்தும் கம்புட் நிலத்திலிருந்தும் வந்தது. நம் ஊர்ப் பெயரோடு ஆவணத்தில் இருக்கும் சம்பவம் இது. இதையும் நான் எந்தத் தமிழ்க் கையேட்டிலும் பார்க்கவில்லை.

'இளைஞர் செயல்பாடு' என்ற அத்தியாயத்துக்கு வந்தால் கோபம் இன்னும் கூடுகிறது. செயல்பாடு என்றாலே மரம் நடுவது என்று ஆகிவிட்டது. டி-சட்டை, சேறு, ஆளுக்கொரு கன்று, படம். நடுவதை நான் கிண்டல் செய்யவில்லை. நட்ட கன்றுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லையே என்பதுதான் கேள்வி. பிலிப்பீன்ஸில் பெரிய அளவில் நட்ட கண்டல் கன்றுகளில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் பிழைத்தன என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தவறான இனத்தைத் தவறான இடத்தில் நட்டதுதான் முக்கியக் காரணம். நம் வடக்கிலேயே, சுங்கை பெசார் பக்கத்தில் சுங்கை ஹாஜி டோரானியில், அலையை உடைக்கத் தடுப்பு கட்டி, அதன் பின்னால் அப்பி அப்பிக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பொறியாளர்கள் கூடவே நின்றும் எட்டு மாதத்தில் தங்கியது சுமார் 30 விழுக்காடு. இது தோல்விக் கதை இல்லை, நல்ல பாடம். அலை, சேற்றின் உயரம், நீரோட்டம் மூன்றையும் சரிசெய்யாமல் கன்றை மட்டும் நட்டால் அது கடலுக்குப் போகும்.

ராஜா மூசாவில் வேறு வழியில் போனார்கள். 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் அங்கே முதலில் செய்தது பாரிட்டுகளை அடைத்து நீர்மட்டத்தைத் தூக்கியதுதான். அதற்குப் பிறகுதான் மஹாங் போன்ற மரக்கன்றுகள். சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் கன்று வளர்த்தார்கள், காட்டைக் கவனித்தார்கள், குழுவாகவும் அமைந்தார்கள். அந்தக் காட்டு நீரைத்தான் தஞ்சோங் காராங் நெல்வயல்களும் நம்பியிருக்கின்றன. இந்தக் கதையைத் தமிழில் ஒழுங்காக எழுதினால் பத்துப் பக்கக் கையேடு தயார்.

கிராமத்தார் என்று எழுதும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. கம்போங்கில் இருப்பவனுக்கு நிலம் இருக்கிறது, கிராமத் தலைவர் இருக்கிறார், புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. தோட்டம் தனியார் நிலம். கிராமப்புற மேம்பாடு பல பத்தாண்டுகள் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தரையை ஓரடி உயர்த்திக் கட்டக்கூட, வீடு நம்முடையதாக இருக்க வேண்டுமே! லயத்து வீட்டுப் பையனிடம் 'நீ மாற்றத்தின் தூதுவன்' என்று சொல்லும் கையேடு, அவன் யாரிடம் போய் எதைக் கேட்கலாம் என்பதைச் சொல்வதில்லை. பாரிட்டைத் தோண்டுவது தோட்ட நிர்வாகமா, வடிகால் நீர்ப்பாசனத் துறையா? மதகு யார் பொறுப்பு? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளையைத்தான் பருவநிலைக் கல்வி பெற்றவர் என்பேன்.

பழியைக் கையேட்டின் தலையில் மட்டும் போடவும் மனம் வரவில்லை. இன்றைய நாவல் பருவநிலையை ஏன் தவிர்க்கிறது என்று அமிதவ் கோஷ் 2016இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே கேள்வியை நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தபோது, ஒரு கடற்கரையின் சொற்களஞ்சியமே எழுத்துக்குள் வந்தது. நம் புனைவில், நான் வாசித்த அளவில், தோட்டம் என்றால் பிரட்டு, மண்டோர், பால்வாளி, கள்ளுக்கடை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' முதல் அந்த மரம்தான் கதையின் கூரை. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததை எழுதினோம், தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டதை எழுதினோம், மனிதர்களின் துயரத்தை நன்றாகவே எழுதினோம். ஆனால் பாரிட் வெட்டியவரின் கை எந்த மண்ணைத் தொட்டது என்பது அந்தக் கதைகளில் இல்லை. கதையில் ஏறாத சொல்லைக் கையேட்டுக்காரர் எங்கிருந்து எடுப்பார்? அவர் மொழிபெயர்ப்புக்குத்தான் போவார்.

கம்போங் குவாந்தான் மின்மினிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். படகில் போய் பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாக மின்னுவதைப் பார்த்து, அழகு என்று கட்டுரை எழுதுகிறோம். அந்தப் பூச்சியின் புழுப்பருவம், கரைக்குப் பின்னால் ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரையோர மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் செம்பனை நட்டால் மரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. சுற்றுலாத் துண்டறிக்கைக்கு நத்தை தேவையில்லை. நமக்குத் தேவை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் தன்கதைக் கட்டுரை என்று ஒரு வகை இன்னும் உயிரோடு இருக்கிறது. 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு மரம்'. சலித்துப்போன வடிவம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்த முறை கோல சிலாங்கூரில் போட்டி நடத்துகிறவர்கள் 'நான் ஒரு மதகு' என்று தலைப்புக் கொடுத்துப் பார்க்கட்டும். எழுத வேண்டுமானால் அது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, பூட்டுச் சாவி யார் கையில் என்று போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஆசிரியரும் கூடப் போக வேண்டியிருக்கும்.